காந்தம் ஒட்டாத வால்வு

ரிஃபாயின் சட்டைப் பையில் பேனா இருக்காது, காந்தம் இருக்கும். பழைய ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்த வட்டக் காந்தம். கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருப்பவர்கள் பலரிடமும் இப்படி ஒன்று உண்டு. ஆனால் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் முகத்துக்கு நேராக அதை எடுத்து நீட்டுகிற துணிச்சல் ரிஃபாய்க்குத்தான் இருந்தது. போல்ட்டோ, கொக்கியோ, பம்புத் தண்டோ, எதுவானாலும் முதலில் காந்தம். ஒட்டினால் அது துருப்பிடிக்கிற சரக்கு, உப்புத் தண்ணீரில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ்., துருப்பிடிக்காத ஸ்டீல், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடலோரத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சோதனை பொய்த்து ரிஃபாய் பார்த்ததும் இல்லை.

அவனும் தம்பி ஷேக் பரீதும் சேர்ந்து ஒரு படகு வைத்திருந்தார்கள். முதுகில் டிஸ்க் விலகியதிலிருந்து ரிஃபாய்க்குக் கடல் கிடையாது. கரை வேலை அவன் பாடு, படகை ஓட்டுவது தம்பி பாடு. படகில் இருந்தது பழைய லாரி எஞ்சின். போன சீசன் கடைசியில் அது அடிக்கடி கொதித்து நின்றது. நின்றால் பரீது பதற மாட்டான். நங்கூரத்தைப் போட்டுவிட்டு ஒரு டீயைப் போட்டுக் குடிப்பான். எஞ்சின் ஆறும், சாவியைத் திருகுவான், ஓடும். மீன்பிடித் தடைக்காலம் வந்து, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் அதில் விரிசல் விழுந்திருப்பது தெரிந்தது.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரிய வால்வு போட்ட ஹெட்டாக மாற்றிவிடலாம் என்று ரிஃபாய் முடிவு செய்தான். எஞ்சின் மூச்சு வாங்குவதும் விடுவதும் வால்வு வழியாகத்தான். வால்வு பெரிதானால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் வேகம் கூடும். வாரத்தில் திங்கள், புதன், சனி மட்டும் கடல் என்று ஆகிவிட்ட ஊரில் வேகம் இல்லாதவன் வலையை நனைத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். வெளியே எல்லோரிடமும் ரிஃபாய் சொன்ன காரணம் இது.

உள்ளே இருந்த காரணம் வேறு. பரீது ஒருமுறை கடல் எல்லைக்கு அந்தப் பக்கம் பிடிபட்டவன். அங்கே கோர்ட்டில் தண்டனை எழுதி, அதை ஒத்திவைத்து, ‘இனி இந்தப் பக்கம் கண்ணில் பட்டால் பழையதையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இனி அகப்பட்டால் வருஷக்கணக்கில் ஜெயில்தான். அதற்காகக் கடலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? மீன் கோடு பார்த்தா நீந்துகிறது? பரீதுக்கு வேறு தொழிலும் தெரியாது. அவன் மனைவி சாமியாதான் ஒரே பிடியாக நின்றாள். இனி அவர் கடலுக்குப் போனால் தான் பொட்டியைக் கட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அதைச் சும்மா சொல்கிறவள் இல்லை.

ரிஃபாய்தான் அவளிடம் போய் உட்கார்ந்து பேசினான்.

“இந்தா பாரும்மா. போன தடவ மாட்டுனது ஏன்? எஞ்சின் இழுக்கல, அதான். இப்ப போடப்போற ஹெட்டுக்கு அந்தப் பக்கத்து நேவி போட்டு கிட்ட நெருங்க முடியாது. நெருங்குறதுக்குள்ள தம்பி கரைக்கு வந்து டீ குடிப்பான்.”

“ஒங்க வார்த்தைய நம்பலாமா மச்சான்?”

“எஞ்சினுக்கு நான் பொறுப்பு.”

சாமியா வெளியே எடுத்து வைத்திருந்த பொட்டியைப் பார்த்தாள். பிறகு, “நீங்க சொல்றதுனால சரிங்கிறேன்” என்றாள். பொட்டி கட்டில் அடிக்கே திரும்பிப் போனது.

ஹெட் வேலையை அறந்தாங்கியில் எழிலரசனிடம் கொடுத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் வரிசையில் நிற்கும் பட்டறை அது. ஒருநாள் எழிலரசன் போன் பண்ணினான். வால்வு இரண்டு விதமாக வந்திருக்கிறது, நேரில் வந்து எது வேண்டுமென்று சொல்லிவிட்டால் நல்லது என்றான். ரிஃபாய் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஆவுடையார்கோவில் வழி போகிற பஸ்ஸில் ஏறினான்.

பட்டறை மேசையில் இரண்டு செட்டையும் பரப்பி வைத்திருந்தார்கள். புகை வெளியேறுகிற பக்கத்து வால்வில்தான் தேர்வு. நீளத் தண்டும் குடைபோல் விரிந்த தலையுமாக, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ரிஃபாய் முதல் செட்டில் ஒன்றை எடுத்துத் தலையில் காந்தத்தை வைத்தான். ஒட்டவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தண்டில் வைத்தான். டக்கென்று பிடித்துக்கொண்டது.

“என்ன எழிலு, இது ஒட்டுது?”

“ஒட்டத்தாண்ணே செய்யும். தலை ஒரு உலோகம், தண்டு ஒரு உலோகம். ரெண்டையும் சேத்துத்தான் வருது. கம்பெனி வண்டிகள்ல எல்லாம் இப்படித்தான் இருக்கு.”

“சேத்துன்னா, ஒட்டுப் போட்டதா?”

“ஒட்டுன்னு சொல்லாதீங்கண்ணே. தலை தீயில வேகணும், தண்டு தேயாம ஏறி எறங்கணும். அதுக்காக அப்படிச் செய்றாங்க.”

“எதுக்காகச் செஞ்சாலும் ஒட்டு ஒட்டுதானப்பா. உப்புக் காத்து மொத அங்கதான் கடிக்கும்.”

அடுத்த செட்டை எடுத்தான். தலையில் ஒட்டவில்லை. தண்டில் ஒட்டவில்லை. நுனியில் ஒட்டவில்லை. தடவித் தடவிப் பார்த்தும் காந்தம் வழுக்கிக்கொண்டே போனது. தலை முதல் நுனிவரை ஒரே எஸ்.எஸ். பளபளவென்று இருந்தது.

“இது யாரு செஞ்சது?”

“வெளியூருண்ணே. ரேஸ் வண்டி, ஜீப்பு இதுக்கெல்லாம் போடுறவங்க வாங்குறாங்களாம். நான் இதுவரைக்கும் போட்டதில்ல. தரைல ஓடுறதுக்குன்னா மொத செட்டத்தான் போடுன்னு சொல்லிருவேன். கடலப் பத்தி எனக்கென்ன தெரியும்? நீங்கதான் சொல்லணும்.”

கடலைப் பற்றி ரிஃபாய்க்குத் தெரியும். கடலைப் பற்றித் தெரிந்தவனிடம் கேட்டதால் கடல்காரன் சொல்கிற பதிலைத்தான் அவனும் சொன்னான். அந்த வால்வு கடலுக்குள் கிடக்கப்போவதில்லை, எஞ்சினுக்குள் நெருப்பில் கிடக்கப்போகிறது என்பது அங்கே இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. ஒருவனுக்கு லாரி தெரியும், இன்னொருவனுக்கு உப்பு தெரியும். இரண்டு பேருமாகச் சேர்ந்து பளபளப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்.

“இதையே போடு” என்றான் ரிஃபாய். எழிலரசனும் சரியென்றான். தண்டு ஏறி இறங்குகிற குழல் ஒன்று உண்டு, கைடு என்பார்கள். அதில் எப்போதும் லாரிக்கு விடுகிற இடைவெளியையே விட்டுச் சீவிப் போட்டான். திரும்பிவருகிற பஸ்ஸில் ரிஃபாய் பக்கத்து சீட்டுக்காரரிடம் நல்ல எஸ்.எஸ்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு வகுப்பே எடுத்தான். அந்த மனிதர் குளத்தூர்ப் பக்கம், தோட்டக்காரர். பாவம், கேட்டுக்கொண்டே வந்தார்.

தடைக்காலம் முடிந்து படகு தண்ணீரில் இறங்கிய அன்று கரையே திரண்டு பார்த்தது. புது ஹெட், கொஞ்ச நாளைக்கு முக்கால்வாசி வேகத்துக்கு மேல் முறுக்க வேண்டாம் என்று எழிலரசன் சொல்லியிருந்தான். முக்கால்வாசியிலேயே படகு மற்றப் படகுகளைப் பின்னால் விட்டுவிட்டுப் போனது. பரீது நின்றுகொண்டே ஓட்டினான். ஜெகதாப்பட்டினத்துப் பீட்டர், பரீதின் கூட்டாளி, தன் படகிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, “டேய், ஏரோப்ளேன் எஞ்சினாடா வாங்கியாந்த?” என்று கேட்டான்.

“அண்ணன் பாத்து வாங்குனதுடா. காந்தமே ஒட்டாது” என்றான் பரீது.

வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசினால் கடல் முழுக்கக் கேட்கும், கரையும் கேட்கும். மறுநாளே படகுக்காரர்கள் ரிஃபாயைத் தேடி வந்துவிட்டார்கள். அந்த வால்வு எங்கே கிடைக்கும், எங்களுக்கும் ஒரு செட்டு சொல்லிவிட முடியுமா என்று கேட்டார்கள். ரிஃபாய்க்குத் தலைகால் புரியவில்லை. மீனவர் சங்கத்து ஆபீஸ் மாடியில் வயர்லெஸ் செட்டைப் பார்த்துக்கொள்கிற அன்வர் பாட்சா, “இனிமே இவர வால்வு ரிஃபாய்னுதான் கூப்பிடணும்” என்றார். அது கேலியா பாராட்டா என்று ரிஃபாய் ஆராயவில்லை. இரண்டில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

இரண்டு தடவை கடலுக்குப் போய் வந்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. மூன்றாவது தடவை சனிக்கிழமை. விடியும்போதே படகுகள் கிளம்பிப் போய்விட்டன. ரிஃபாய் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து சோற்றில் கை வைத்த நேரம் எழிலரசன் போன் பண்ணினான்.

“அண்ணே, போட்டு எங்க நிக்கிது?”

“கடல்ல. ஏன்?”

“அதே வால்வு போட்ட ஜீப்பு ஒண்ண கயிறு கட்டி இழுத்துட்டு வந்துருக்காங்கண்ணே. ஹெட்டப் பிரிச்சுட்டேன். முழு எஸ்.எஸ். தண்டு சூடேறுனா மத்ததவிட அதிகமா உப்புது. நான் விட்ட கேப்பு அதுக்குப் பத்தல. கைடுக்குள்ள இறுகிப் பிடிச்சு அப்படியே நின்னுருக்கு. மெதுவா ஓட்டுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. முழுசா முறுக்கி ஓட்டுனா பிடிச்சுக்கும்ணே.”

ரிஃபாய் சோற்றுக் கையை உதறினான். “பிடிச்சா என்ன? ஆறுனா விட்டுரும்ல?”

“விடாதுண்ணே. தெறந்த வால்வு மூட முடியாம நிக்கும், பிஸ்டன் மேல வந்து அதை அடிச்சிரும். வளஞ்சு போயிரும். ஒருநாள் பூரா ஆறப்போட்டாலும் அதுக்கப்பறம் ஓடாது. நான் போட்டதும் தப்பு, நீங்க எடுத்ததும் தப்பு. மொத கரைக்கு வரச் சொல்லுங்க, மெதுவா வரச் சொல்லுங்க.”

கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. தம்பி நம்பருக்குப் போட்டுப் பார்த்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பெண்குரல் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு எந்த எல்லை என்று தெரியுமா என்ன. ரிஃபாய் சங்கத்து ஆபீஸுக்கு ஓடினான். முதுகு இழுத்துப் பிடித்தது, அப்படியும் ஓடினான்.

மாடியில் அன்வர் பாட்சா மட்டும் இல்லை. படகுக்காரர்கள் நாலைந்து பேர் காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் ரிஃபாய் சொல்லித்தான் அந்த வால்வுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். ரிஃபாயைப் பார்த்ததும், “வாங்க வால்வு” என்று சிரித்தார்.

அன்வர் பாட்சா கூப்பிட்டுக்கூப்பிட்டுப் பார்த்தார். தூரம் அதிகம். நடுவில் நிற்கிற படகு எதுவும் எடுத்துச் சொல்லவும் இல்லை. இரைச்சல்தான் வந்தது. மாலை அஸர் பாங்கு சொல்லி முடித்த பிறகுதான் தம்பியின் குரல் வந்து விழுந்தது.

“சொல்லுங்கண்ணே.”

“எங்கடா நிக்கிறீங்க?”

“கொஞ்சம் கெழக்கண்ணே.”

வயர்லெஸ்ஸில் தாண்டிவிட்டோம் என்று எவனும் சொல்ல மாட்டான். யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ. கொஞ்சம் கிழக்கே என்பார்கள், எவ்வளவு கொஞ்சம் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ரிஃபாய்க்கு விளங்கிவிட்டது. தம்பி கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்.

மைக்கின் பொத்தானை அமுக்கினான். வால்வு தப்புடா என்பதுதான் வாயில் இருந்தது. சொன்னால் இந்த மாடி கேட்கும். மணமேல்குடியிலிருந்து மீமிசல்வரை செட்டு வைத்திருக்கிறவன் ஒவ்வொருவனும் கேட்பான். ஊருக்கெல்லாம் காந்தம் வைத்துக் காட்டிய ரிஃபாய் சொந்தத் தம்பிக்குச் சொத்தை வால்வைப் போட்டு அனுப்பினான் என்று ராத்திரிக்குள் ஊர்ப் பேச்சாகிவிடும். ஆர்டர் கொடுத்தவர் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். எப்படியும் நாளைக் காலையில் கரைக்கு வருகிறவன்தானே. வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போகிறது.

“எஞ்சின மெதுவாவே ஓட்டுடா. முறுக்காத. சீக்கிரமா வலைய எடுத்துட்டுத் திரும்பிரு.”

“ஏண்ணே, என்னாச்சு?”

“ஒண்ணும் இல்ல. புது ஹெட்டுல்ல. எழிலு சொன்னான்.”

“நீங்க கவலப்படாதீங்க. பொறந்த புள்ளையப் பாக்குற மாதிரி பாத்துக்கிறேன்” என்று சொல்லிப் பரீது சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே இரைச்சலில் போய்விட்டது.

ரிஃபாய் வீட்டுக்குப் போகவில்லை. செட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று எழிலரசனே சொல்லியிருக்கிறான். தம்பியும் சொல்பேச்சுக் கேட்கிறவன். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லித் தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தான். வெயில் ஜன்னலை விட்டு இறங்கிச் சுவரில் மஞ்சளாகச் சாய்ந்த நேரத்தில் செட்டு அலறியது.

“வருது, வருது! வடக்க இருந்து வருது!”

யார் குரலென்று தெரியவில்லை. அடுத்து நாலு குரல், பத்துக் குரல். அந்தப் பக்கத்து நேவிப் படகு வருகிறது, வலையை அறுத்துவிட்டு ஓடுங்கள் என்று ஒருவர்மேல் ஒருவர் கத்தினார்கள். காற்றாடிக்கு அடியில் இருந்தவர்கள் எழுந்து செட்டைச் சுற்றி நின்றார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே பரீதின் குரல் நிதானமாக வந்தது.

“அண்ணே, இருக்கீங்களா? அடிச்சு ஓட்டவா? முறுக்காதன்னு சொன்னீங்களே.”

ரிஃபாயின் கையில் மைக் இருந்தது. ஓட்டு என்றால் வால்வு பிடிக்கும். ஓட்டாதே என்றால் அவர்கள் பிடிப்பார்கள். இரண்டு பக்கமும் ஜெயில் கதவு திறந்து கிடக்க, நடுவில் நின்று எந்தக் கதவில் போகட்டும் என்று தம்பி அவனிடம் கேட்கிறான். யா அல்லாஹ் என்று வாய் தானாக முணுமுணுத்தது. ஒருவேளை பிடிக்காமலும் போகலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துசேருகிறவரை தாங்கினால் போதும். ஜீப்புக்குப் பிடித்தால் படகுக்கும் பிடித்தே தீர வேண்டுமா?

“ஓட்டு” என்றான். “ஓட்டுடா, ஓட்டு.”

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மைக்கை வைத்துக்கொண்டு கேட்கலாம், அவ்வளவுதான். பீட்டரின் குரல்தான் அடிக்கடி வந்தது. பரீது படகு எல்லோரையும் முந்திக்கொண்டு போகிறது என்றான். “பறக்குதுண்ணே, எங்களால கிட்டப் போக முடியல” என்றான். அன்வர் பாட்சா ரிஃபாயின் தோளைத் தட்டினார். “நீர் போட்ட வால்வுய்யா அது” என்றார். ஒவ்வொரு நொடியும் எங்கோ ஒரு குழலுக்குள் ஒரு தண்டு உப்பிக்கொண்டிருப்பது ரிஃபாய்க்கு மட்டும் தெரிந்தது. நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. வியர்வையில் மைக் வழுக்கியது.

பீட்டரின் குரல் மாறியது.

“அண்ணே, நின்னுருச்சு. கரும்புகையாக் கக்கி டமார்னு ஒரு சத்தம். நின்னுருச்சுண்ணே.”

“நீ கிட்ட இருக்கியா?”

“கிட்டத்தாண்ணே. இன்னும் கொஞ்சம் போனா நம்ம பக்கம். நேவி போட்டு பின்னால வருது, தூரத்துல தெரியுது. கயிறு கட்டி இழுத்தா ரெண்டு போட்டும் மாட்டும். ஆளுகள ஏத்திக்கிறேன்.”

“ஏத்திக்க பீட்டர், போட்டு கெடக்கட்டும். எல்லாத்தையும் ஏத்திக்க.”

யாரோ கீழே ஓடி ஊருக்குள் சொல்லியிருக்க வேண்டும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கூடிக்கொண்டே போனது. ரிஃபாய் திரும்பிப் பார்க்கவில்லை. செட்டு கரகரத்தது, நின்றது, மறுபடி கரகரத்தது.

“கூட இருந்த நாலு பேரும் குதிச்சு வந்துட்டாங்கண்ணே. பரீது வரமாட்டேங்கிறான்.”

“வரமாட்டானா? ஏன்?”

“நீங்க போங்கடா, இது கொஞ்சம் ஆறுனா கெளம்பிரும், பின்னாலயே வந்துர்றேங்கிறான். போட்ட விட்டுட்டு வந்தா அண்ணன் மொகத்துல எப்படி முழிப்பேங்கிறான். அண்ணன் பாத்துப் பாத்துப் போட்ட சாமான், கைவிடாதுங்கிறான். நான் கெட்ட வார்த்தைல திட்டிக்கூடப் பாத்துட்டேன்.”

ரிஃபாய் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பொத்தானை அமுக்கினான். அந்த மாடியும் கரையும் கடலும் ஒன்றும் இப்போது நினைவில் இல்லை.

“பரீது! டேய் பரீது! வால்வு தப்புடா! அது ஆறுனாலும் ஓடாது, வளஞ்சு போயிருக்கும். நான் எடுத்ததுதான் தப்பு. எழிலு மத்தியானமே சொல்லிட்டான், நான்தான் ஒன்கிட்டச் சொல்லல. நாலு பேரு கேப்பாங்கன்னு சொல்லல. போட்ட விட்ரு. பீட்டர் போட்டுல குதிச்சுரு. குதிச்சுருடா!”

பொத்தானை விட்டான். பேசுகிறவன் பொத்தானை விட்டால்தான் அந்தப் பக்கம் பேசுவது கேட்கும். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. அறையில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. வால்வுக்கு ஆர்டர் கொடுத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பீட்டர்தான் பேசினான். சத்தம் மெலிந்து வந்தது.

“அண்ணே, நாங்க வெலகி வந்துட்டோம். நேவி கிட்ட வந்துருச்சு, என் போட்டுலயும் ஆளுக இருக்காங்கள்ல. அவன் எஞ்சின் குழிக்குள்ள எறங்கிட்டான். செட்டு மேல வீல்கிட்ட கெடக்கு, கீழ இருந்தா கேக்காது.” சற்று நிறுத்தினான். “இத முன்னாடியே சொல்லியிருந்தா மொத ஆளா அவன்தாண்ணே குதிச்சுருப்பான்.”

பிறகு அவன் குரலும் போய்விட்டது.

ரிஃபாய் மைக்கைப் பிடித்தபடியே திரும்பினான். வாசலில் சாமியா நின்றுகொண்டிருந்தாள். அவசரத்தில் தலைத்துணியை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டிருந்தாள். மூச்சு வாங்கியது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவன் கத்தியது முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. அவள் அழுவாள், ஏசுவாள் என்று பார்த்தான். அவள் இரண்டையும் செய்யவில்லை.

“அவுகளுக்குக் கேட்டுச்சா மச்சான்?”

“கேக்கலம்மா.”

சாமியா உள்ளே வந்தாள். விழுந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிமிர்த்தி, செட்டுக்கு முன்னால் இழுத்துப் போட்டாள்.

“அப்ப இன்னொரு தடவ சொல்லுங்க. உக்காந்து சொல்லுங்க. அவுக மேல ஏறி வந்தா கேக்கும்ல. கேக்குற வரைக்கும் சொல்லுங்க.”

ரிஃபாய் உட்கார்ந்தான். பொத்தானை அமுக்கி, வால்வு தப்புடா பரீது, நான் எடுத்ததுதான் தப்பு, போட்ட விட்ருடா என்றான். பொத்தானை விட்டுக் காத்திருந்தான். சாமியா அவன் பக்கத்திலேயே நின்றாள். கரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. அவள் அவன் கையைப் பார்த்தாள். அவன் மறுபடியும் பொத்தானை அமுக்கினான்.